ஏரிக்காற்றில் வந்த பெரியம்மா

விசைத்தறி ஓடுகிற தெருவில் பிறந்த குழந்தைகளுக்குச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். 'டக்கடி டக்கடி' என்று நூல் சுமந்து ஓடும் நாடா அடிக்கிற அந்தச் சத்தம் பட்டறைச் சுவரில் ஏறி, எங்கள் வீட்டுச் சுவரில் இறங்கி, தொட்டில் கட்டிய விட்டம் வரைக்கும் நடுங்கவைத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போய்த் தறிகள் நின்றதோ இல்லையோ, தெருவில் உள்ள கைக்குழந்தைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழும். திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தறிக்காடு அது. பட்டறைக்குள் யாரும் யாரிடமும் வாய்விட்டுப் பேச முடியாது என்பதால் பெண்கள் உதட்டசைவிலேயே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். வெளியே வந்தாலோ, பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்பதற்கும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரலில்தான் கேட்பார்கள். "தறிக்காரனுக்குச் சத்தந்தான் சாமி சோறு. அது நின்னா அடுப்பும் நின்னுரும்" என்பார் என் அப்பா.

இந்தத் தெருவைப் பற்றி உலகத்துக்குச் சொல்லப்போகிறோம் என்று ஒரு வானொலி வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் ஏரிக்கு மேற்கே, மழைத்தண்ணீர் ஏரிக்கு இறங்கி வருகிற சரிவை மறித்துக் கட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில், சமுதாய வானொலி என்ற பெயரில் அதைத் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'ஏரிக்காற்று'. ஏரிக்கு வருகிற தண்ணீரை மறித்துவிட்டுக் காற்றை மட்டும் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. கல்லூரித் தாளாளர், ரிக் வண்டிகளை வடநாடு முழுக்க அனுப்பி, பூமியின் வயிற்றில் ஆயிரம் அடிக்குத் துளைபோட்டுச் சம்பாதித்தவர். தொடக்கநாளில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'நிலத்தடி நீரைக் காப்போம்'. நிலத்தடி நீரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்த வானொலியை எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் உண்மையாகவே நம்பினார். அவர் என் அம்மாவின் அக்கா, ருக்கு பெரியம்மா. பெரியப்பா காலமான பிறகு, ஒரே மகளை வாழப்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் எருமையோடு தனியாக இருந்தார். பகலில் தறி ஓட்டுவார், காலையும் மாலையும் பால் ஊற்றுவார். எங்கள் ஊரில் வாய்க்கும் மனசுக்கும் நடுவே கதவே வைக்காமல் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு இருந்த கவலை ஏரித்தண்ணீர். ஏரிக்கு வரும் ஓடையில் எங்கிருந்தோ சாயத்தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒருநாள் ஏரியோரம் சிவப்பாக இருக்கும், இன்னொரு நாள் ஊதாவாக இருக்கும். "தண்ணி தெனத்துக்கு ஒரு சீலை மாத்துது, நமக்குத்தான் தீவாளிக்கு ஒண்ணு" என்பார் பெரியம்மா. தெருக்குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீர் மனிதர்களுக்கே பற்றாது. எருமைக்கு ஏரியை விட்டால் வேறு போக்கில்லை. முந்தைய ஈற்றில் அதன் கன்று செத்தே விழுந்தது. தண்ணீரால்தானா என்று கேட்டதற்குக் கால்நடை மருத்துவர், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது எருமை மறுபடி சினையாக இருந்தது. இந்தக் கன்றாவது உயிரோடு விழ வேண்டும் என்பதே பெரியம்மாவின் ஒரே நினைப்பு. மனுக் கொடுத்த இடங்களில் எல்லாம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர ஓடையில் நிறம் மாறுவது நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஏரியைப் பற்றிப் பேச ஆள் தேடி வானொலிக்காரர் தெருவுக்குள் வந்தார்.

அவர் பெயர் ஆதவன். பெற்றோர் வைத்த பெயர் வேறு என்று பிற்பாடு தெரிந்தது. கதர் ஜிப்பா, தோளில் சணல் பை, கழுத்தில் மாட்டிய பெரிய ஹெட்போன். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "அருமை, அருமை" என்பார். எங்கள் வீட்டுப் பழையசோற்று நீச்சத்தண்ணியையும் அருமை என்றார், நெசவுக் கூலி போதவில்லை என்று அப்பா சொன்னதையும் அதே குரலில் அருமை என்றார். கிராமத்தின் ஆன்மாவைப் பதிவு செய்யப்போவதாகச் சொல்லி, அதற்கு முதலில் ஒரு சின்ன உதவி வேண்டும் என்றார். தறிகளை நிறுத்த வேண்டுமாம். இந்த இரைச்சலில் ஆன்மா சரியாகப் பதிவாகாதாம்.

அந்த வருடங்களில் மதியம் இரண்டு மணி அடித்தால் கரண்ட் போய்விடும். நாள் தவறினாலும் அது தவறாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ரெண்டு மணிக்கு வாங்க சாமி, ஊரே ஊமையாக் கெடக்கும்" என்று கைக்குழந்தையும் சொல்லியிருக்கும். அவர் கேட்கவில்லை. காலை பத்து மணிக்கு, கரண்ட் முழுமூச்சாக இருக்கும்போது வந்து நின்றார். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்களா என்ன! ரேடியோவில் வரப்போகிறோம் என்றதும், ஓடாத தறிக்குக் கூலி இல்லை என்பதைக்கூட மறந்து, பட்டறை பட்டறையாக ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்கள். தொட்டில்கள் வீறிட்டன. அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் விட்டார்கள். பெண்கள் உள்ளே போய்ப் பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். வானொலிக்குப் பவுடர் பூசிக்கொண்டு நின்ற ஒரே ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெரியம்மா மட்டும் சேலை மாற்றவில்லை. எருமையை ஓட்டிக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போனார். ஆதவன் சார் பின்னால் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். கரைமேட்டு வேலமரத்தடியில் உட்கார்ந்து பெரியம்மா வாயைத் திறந்ததும் ஆதவன் சார் ஹெட்போனைப் பிய்த்து எறியாத குறைதான். "அம்மா, மெதுவாப் பேசுங்க. மைக்குக்கு இவ்வளவு சத்தம் தாங்காது." தறிப் பட்டறையில் வளர்ந்த தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா? பெரியம்மா எருமையைப் பார்த்து இரண்டு முறை பேசிப் பழகினார். எருமை காதை ஆட்டியது. அப்புறம், அவர் வாயில் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், மைக்கைச் சந்தேகமாகப் பார்த்தபடி, "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றார்.

கேட்கிறது என்று ஆதவன் சார் தலையாட்டினார். பெரியம்மா சொல்லத் தொடங்கினார். ஓடையில் வரும் நிறங்களை, செத்து விழுந்த கன்றை, ஏரியில் இறங்கிய கொக்கின் கால் ஊதாவாகிப்போனதை, மனுக் கொடுத்த கதையை, எல்லாவற்றையும் அந்தச் சின்னக் குரலிலேயே, திட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது பெரியம்மாதானா என்று சந்தேகம் வந்தது. ஆதவன் சார் கண்ணை மூடிக்கொண்டு நடுநடுவே அருமை என்றார். கொக்கின் காலுக்கும் அருமை என்றார்.

முடித்ததும் ஒரு நாட்டுப்புறப் பாட்டு வேண்டும் என்றார். பெரியம்மாவுக்குப் பாட்டே தெரியாது. தறிச்சத்தத்தில் யார் பாடி யார் கேட்பது? சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். அது வேண்டாம், பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டாக வேண்டும் என்றார் அவர். விட்டால் போதும் என்று பெரியம்மா, எருமையின் முதுகைத் தட்டிக்கொண்டே அந்த இடத்திலேயே ஒன்றைக் கட்டினார்:

"ஆராரோ ஆரீரோ, எருமக்கண்ணே ஆராரோ,
தறி ஓடுது தூங்கு சாமி, நின்னாக்கா முழிச்சுக்கோ."

ஆதவன் சாரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அருமை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அடுத்த வாரம் ஒலிபரப்பு. அதையும் காலை பதினொரு மணிக்கு வைத்திருந்தார்கள், தறிகள் எல்லாம் ஓடும் நேரத்தில். நெசவாளர்களுக்கான நிகழ்ச்சியை நெசவாளர் காதில் விழாத நேரமாகப் பார்த்து வைக்கவும் ஒரு படிப்பு வேண்டும் போலிருக்கிறது. தெரு மறுபடியும் தறிகளை நிறுத்தியது. தொட்டில்கள் மறுபடியும் அழுதன. பட்டறைக்காரர் வீட்டு வாசலில் ரேடியோவை ஸ்டூலில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அன்றைக்குப் பெரியம்மாவும் பூ வைத்திருந்தார். கலெக்டர் ஆபீசிலும் இந்த ரேடியோவைக் கேட்பார்களா என்று என் அப்பாவிடம் இரண்டு முறை விசாரித்தார். "கேக்காம இருப்பாங்களா?" என்று அப்பா சொன்னதை நம்பினார்.

முதலில் பறவைகள் கத்தின. பிறகு, "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று பெரியம்மாவின் சின்னக் குரல். தெருவே கைதட்டியது. உடனே புல்லாங்குழல் வந்து பெரியம்மாவை மூடியது. அதற்குப் பிறகு ஆதவன் சார் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஏரி நம் தாய் என்றார். பருவநிலை மாற்றத்தால் வடதுருவத்தில் பனி உருகுகிறது, பனிக்கரடிகள் தவிக்கின்றன என்றார். மீன்கடைப் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டி பார்த்திராத எங்கள் சனம், பனிக்கரடிக்காக 'உச்' கொட்டியது. நீச்சத்தண்ணியின் மகிமை வந்தது. கடைசியில் பெரியம்மாவின் தாலாட்டு வந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பாடப்பட்டு வரும் பாடல் இது, இதில் தறி என்பது வாழ்க்கை, தறி நிற்பது மரணம், மரணமே உண்மையான விழிப்பு என்று அவர் விளக்கம் சொன்னார். கரண்ட் போனால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்பதற்கு இவ்வளவு அர்த்தம் இருந்தது பாடியவருக்கே அன்றுதான் தெரிந்தது. தாளாளர் ஐயாவுக்கு நன்றி சொல்லி நிகழ்ச்சி முடிந்தது.

சாயத்தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்த கன்று இல்லை. ஏரிக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஆதவன் சார்மீது மட்டுமல்ல. தெரு அதைக் கவனிக்கவே இல்லை. "நம்மூரு பேரு ரேடியோவுல வந்துருச்சு பாத்தியா!" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு, மனசு குளிரச் சந்தோஷமாகப் போய்த் தறியை ஓட்டினார்கள். வெட்டி எறிந்தது தங்கள் ஏரித்தண்ணீரின் கதை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூவோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. "மிச்சம் அடுத்த வாரம் போடுவாங்களாட்ட இருக்குது" என்றார். அடுத்த வாரம், கல்லூரி மாணவர்கள் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் 'இயற்கை நடை' போனதை ஒலிபரப்பினார்கள். தொப்பிகளின் மேல் தாளாளரின் படம் இருந்தது. அவர்கள் போன பிறகு கரை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன.

பெரியம்மா ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். ஸ்டுடியோ எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில் நான் போனேன். அவர் கையில் ஒரு பாட்டிலில் ஏரித்தண்ணீர் இருந்தது. அன்றைக்கு அது கத்தரிப்பூ நிறம். ஏசி ஓடும் அறை, சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. உள்ளே கால் வைத்ததும் என் காது அடைத்துக்கொண்டது. பெரியம்மா பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க சாமி, நாஞ் சொன்னது ஒண்ணுமே வல்லீங்களே?"

ஆதவன் சார் சிரித்தார். பாட்டிலைப் பார்த்தார். "அம்மா, ரேடியோவுல கலர் தெரியாதுங்களே" என்றார்.

"அதான் வாயில சொன்னனுங்களே."

"நீங்க சொன்னது செய்தி ஆயிடும்மா. சமுதாய வானொலியில செய்தி சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. சட்டம் அப்படி."

"எருமை தண்ணி குடிச்சது எப்படிங்க சாமி நியூஸு ஆகும்?"

அவர் பாட்டிலை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். நல்லதை மட்டும் பேசுவோம், மக்கள் மனதில் நம்பிக்கையை விதைப்போம் என்றார். மறுபடி ஒரு தாலாட்டு பாடித் தர முடியுமா என்றார். எங்களுக்கு டீ வந்தது, கூடவே கேன் தண்ணீர் இரண்டு டம்ளர். பெரியம்மா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது, நெறமே இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடிக்காமல் வைத்தார். வெளியே வரும்போது ஓடையில் தண்ணீரைத் திறந்துவிடுகிற சாயப்பட்டறை தாளாளரின் மைத்துனருடையது என்று வாட்ச்மேன் மெல்லச் சொன்னார். அதைச் சொல்ல வாட்ச்மேனுக்கு மைக் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பெரியம்மா பழைய குரலுக்குத் திரும்பிவிட்டார்; பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "செவிடங் காதுல சங்கூதப் போனேம் பாரு, நாந்தான் புத்தி கெட்டவ."

எருமை அடுத்த மாதம் கன்று போட்டது. அதுவும் செத்துத்தான் விழுந்தது. மருத்துவர் மறுபடி இரண்டு பக்கமும் தலையாட்டினார். பெரியம்மா அழவில்லை, எருமையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு வெறும் கயிற்றோடு திரும்பினார். அதன் பிறகு பால் வாங்க நாங்கள் வேறு தெருவுக்குப் போனோம். சில வருடம் கழித்து மகள் வீட்டுக்கு, வாழப்பாடிக்குப் போனவர், அங்கேயே போன தை மாதம் காலமானார்.

நான் இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஊருக்குப் போனால் ஏரியைத் தேட வேண்டியிருக்கிறது. பாதி, கல்லூரிப் பேருந்துகள் நிற்கிற மைதானம் ஆகிவிட்டது, மீதியில் வேலிக்கருவை. கொக்கு எந்த நிறக் காலோடும் வருவதில்லை. ஆனால் 'ஏரிக்காற்று' மட்டும் அமோகமாக வீசுகிறது. இப்போது அதற்குச் செயலி இருக்கிறது. ஆதவன் சார் பருவநிலைப் போராளி ஆகிவிட்டார். மேடைகளில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அதுவும் பாலியெஸ்டர்தான், எங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள்.

போன வாரம் அந்த வானொலியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஏரியோடு வளர்ந்தவர்களின் இனிமையான நினைவுகளைத் தொகுக்கிறார்களாம், நான் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். இணைப்பு கொடுப்பதற்காக என்னைக் காத்திருக்கச் சொன்னாள். காதில் பறவைகள் கத்தின. எங்கள் தெரு தறிகளை நிறுத்திக் கொடுத்த அமைதியில் பதிந்த அதே பறவைகள். பிறகு, "ஏனுங்க, கேக்குதுங்களா?" அதைத்தான் இத்தனை வருடமாக அவர்கள் நிலையத்தின் அடையாளமாக, நாள் முழுக்க, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனுஷி கேட்ட கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல், அதையே விளம்பரமாக ஓட்டுகிற துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் திரும்ப வந்ததும், அந்தப் பதிவு முழுவதும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "இல்லீங்க மேடம், அந்த பிட்டு மட்டுந்தான் இருக்குது. மிச்சத்தை அப்பவே அழிச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க. ஆமா, அது ஆருங்க மேடம் பேசறது? எங்களுக்கே தெரியாதுங்க."

என் பெரியம்மா என்றேன். இனிமையான நினைவு எதுவும் இப்போதைக்குக் கைவசம் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான் ஒருத்தி மிச்சம் இருக்கிறேன். அழிப்பதற்கு முன்னால் அதில் இருந்ததில் எனக்கு நினைவில் நிற்பது இது:

"ஏனுங்க, கேக்குதுங்களா? எம் பேரு ருக்குமணிங்க, தறி ஓட்டறனுங்க. எம்பட எருமை மறுக்காச் சினையா இருக்குதுங்க. போன தாட்டி கன்னு செத்துத்தான் உழுந்துது. இந்தச் சாயத்தண்ணிய ஆரு உடறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. உடறவிங்க இதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, இந்தக் கன்னு உழுகற வரைக்குமாச்சும் நிறுத்தி வையுங்க சாமி. ரேடியோக்காரரு கேட்டாருன்னு நாங்க தறிய நிறுத்துலீங்களா?"